ஷேக்ஸ்பியரின் குரலைத் தீர்மானித்தது யார்?

1932இல் பிபிசி வானொலியில் தன் கவிதைகளை வாசிக்க வந்த ஐரிஷ் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ், முதல் வரிக்கு முன்பே கேட்பவர்களோடு மல்லுக்கு நிற்கிறார். தாளத்துக்கு அழுத்தம் கொடுத்துத்தான் வாசிக்கப் போகிறேன், பழக்கமில்லாத காதுக்கு அது விநோதமாகப் படலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். கூடவே ஒரு சம்பவத்தையும் சொல்கிறார். கவிஞர் வில்லியம் மாரிஸ் ஒரு கூட்டத்திலிருந்து கோபத்தோடு வெளியே வருகிறார். உள்ளே யாரோ அவருடைய காவியத்தில் ஒரு பகுதியை வாசித்திருக்கிறார்கள். அதைச் செய்யுளாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்று பொருமுகிறார் மாரிஸ். நானும் அந்தப் பாடு பட்டவன்தான், அதனால் என் கவிதையை உரைநடை போல வாசிக்கமாட்டேன் என்கிறார் யேட்ஸ்.

பிறகு 'தி லேக் ஐல் ஆஃப் இன்னிஸ்ஃப்ரீ' தொடங்குகிறது. ஒவ்வொரு வரியையும் நீட்டி, ஏற்ற இறக்கத்தோடு, ஏறக்குறைய பாடுகிறார். இன்றைக்குக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு முதலில் வந்தது. ஆனால் இந்தப் பதிவை வேடிக்கைப் பொருளாக ஒதுக்கிவிட்டால், ஆங்கிலக் கவிதை ஒலிப்பதிவின் கதையில் பாதி புரியாமல் போய்விடும். செய்யுளைப் பாட வேண்டுமா, பேச வேண்டுமா என்பது ஆங்கில நாடக மேடையில் பல தலைமுறையாக நடந்த தகராறு. அந்தத் தகராறுக்கு 1889 முதல் ஒலிச் சாட்சியம் இருக்கிறது. அதில் யார் ஜெயித்தார்கள் என்பதைக் கவிஞர்களோ நடிகர்களோ மட்டும் முடிவு செய்யவில்லை. மெழுகு உருளையும், இசைத்தட்டின் நான்கு நிமிடமும், மைக்கும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் முடிவு செய்தன. நம் காதில் "இதுதான் ஷேக்ஸ்பியர்" என்று பதிந்திருக்கும் ஒலி இந்தக் கூட்டுத் தயாரிப்பில் பிறந்தது.

தமிழ் வாசகருக்குத் தகராறின் வேர் சட்டென்று புரியும். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று நம் யாப்பிலக்கணமே ஓசையைப் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டது. ஆங்கில யாப்புக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஷேக்ஸ்பியர், மார்லோ, மில்டன் பெரும்பாலும் எழுதிய ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்ற வடிவத்தில் வரிக்குப் பத்து அசை. ஒன்று விட்டு ஒன்றாக ஐந்து இடத்தில் அழுத்தம். விதி அவ்வளவுதான். அந்த அழுத்தத்தை எவ்வளவு வெளியே காட்டுவது, வரி முடியும் இடத்தில் நிற்பதா, அர்த்தம் முடியும் இடத்தில் நிற்பதா என்பதெல்லாம் வாசிப்பவர் பாடு. இந்த இடைவெளியில்தான் நூற்றாண்டுச் சண்டை நடந்திருக்கிறது.

சாட்சியத்தின் முதல் துண்டு கொஞ்சம் நகைச்சுவையானது. 1889இல் லண்டனில் ஓவியர் ருடால்ஃப் லேமன் வீட்டு விருந்தில், எடிசனின் பிரதிநிதி ஜார்ஜ் கௌரோ, மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஒரு ஃபோனோகிராஃபைக் கொண்டுவந்து வைத்தார். அங்கே இருந்த கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கைப் பேசச் சொன்னார்கள். அவர், மூன்று குதிரை வீரர்கள் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து எய்க்ஸுக்குப் பாய்ந்து செல்லும் தன் புகழ்பெற்ற கவிதையைத் தொடங்கி, சில வரிகளிலேயே மறந்துபோனார். என் கவிதையே எனக்கு நினைவில்லை, மன்னியுங்கள் என்கிறார். கடைசியில் இயந்திரத்தைப் பாராட்டிவிட்டு, சுற்றி இருப்பவர்களோடு சேர்ந்து ஆரவாரம் எழுப்புகிறார். அதே ஆண்டு டிசம்பர் 12இல் வெனிஸில் இறந்துபோனார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் நண்பர்கள் கூடி அந்த உருளையை ஓடவிட்டுக் கேட்டார்கள்.

கவிதையாக அதில் கேட்கக் கிடைப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்திலும் ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது. பிரௌனிங் குதிரையின் குளம்பொலியை விடவே இல்லை. தாளம்தான் முன்னால் ஓடுகிறது, அர்த்தம் பின்னால் வருகிறது.

அடுத்த ஆண்டு, 1890இல், வைட் தீவில் இருந்த தன் ஃபாரிங்ஃபோர்ட் வீட்டில் கவிஞர் டென்னிசன் பல உருளைகளில் கவிதைகளைப் பதிந்தார். 1854 பாலக்லாவா போரைப் பற்றிய 'தி சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்' அதில் ஒன்று. மெழுகு வெப்பத்தில் வளைந்துவிட்டது. குரல் தொலைவில் தேய்ந்து, சில இடத்தில் மூழ்கிப்போய், சில இடத்தில் மேசையைத் தட்டுவது போன்ற சத்தத்தோடு வருகிறது. சொற்கள் பாதிதான் புரிகின்றன. ஆனால் ஓசை முழுசாகப் புரிகிறது: நீட்டி இழுத்த உயிரெழுத்துகள், வரிக்கு வரி ஒரே சுருதி, அடி அடியாக விழும் அழுத்தம். டென்னிசன் கவிதை வாசிப்பது ஓதுவதைப் போலிருக்கும் என்று அவருடைய நண்பர்கள் எழுதி வைத்ததெல்லாம் மிகையல்ல என்பதற்கு இந்த உருளைதான் ஆதாரம். யேட்ஸின் வானொலி வாசிப்பும் இந்த மரபின் கடைசி வாரிசு. கவிதையை சால்டரி என்ற நரம்பு வாத்தியத்தின் துணையோடு ஓதும் முறையை, 1900களின் தொடக்கத்தில் ஃப்ளோரன்ஸ் ஃபார் என்ற நடிகையோடு சேர்ந்து பரீட்சித்துப் பார்த்தவர் அவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பழைய பதிவுகளில் கேட்பது எல்லாமே அந்தக் காலத்து மேடை பாணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1925க்கு முன்பு மின்சார மைக் பதிவு இல்லை. நடிகர் ஒரு பெரிய உலோகக் கொம்புக்குள் வாயை வைத்துப் பேசுவார். அந்த அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீறும். மெதுவாகப் பேசினால் ஒன்றும் பதியாது. 's' போன்ற உரசல் ஒலிகள் கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். நீட்டிய உயிரெழுத்துகள் மட்டும் நன்றாகப் பதியும். ஆக, பாடுவது போல வாசிப்பவருக்கு இயந்திரம் சாதகம். பேசுவது போல வாசிப்பவருக்குப் பாதகம். 1890இல் எட்வின் பூத் என்ற அமெரிக்க நடிகர் ஒதெல்லோவின் செனட் உரையைத் தன் மகளுக்காக ஓர் உருளையில் பதிந்தார். இரைச்சலுக்கு அடியில் அவர் வியக்கும்படி அமைதியாகத்தான் பேசுகிறார். மேடையில் அவர் அடக்கமான நடிப்புக்குப் பெயர் பெற்றவர். அந்தப் பெயருக்கு உருளை சாட்சி சொல்கிறது, ஆனால் பாதிக் குரலை விழுங்கிவிட்டுச் சொல்கிறது.

வட்டத்தட்டு வந்த பிறகும் நேரப் பிரச்சினை தீரவில்லை. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். இதனால் ஒரு விநோத விளைவு ஏற்பட்டது. நாடகம் தட்டில் ஏறவில்லை, நாடகத்திலிருந்து பிய்த்தெடுத்த தனிமொழிகள் ஏறின. 1906இல் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, 1911இல் லூயிஸ் வாலர், அதே ஆண்டு அமெரிக்காவில் எலன் டெர்ரி என்று பெரிய நட்சத்திரங்கள் தங்கள் உச்சக் காட்சிகளை மட்டும் பதிந்துவிட்டுப் போனார்கள். போர்ஷியாவின் கருணைப் பேச்சு, ஒஃபீலியா பித்துப் பிடித்துப் பேசுவது என்று தேர்ந்தெடுத்த துண்டுகள். ஷேக்ஸ்பியர் என்றால் மேற்கோள் தொகுப்பு என்ற எண்ணம் பள்ளிக்கூடப் பாடநூல்களால் மட்டும் வந்ததல்ல. தட்டின் விட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

எலன் டெர்ரியின் பதிவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிய வயதில் பதிந்தது. சுற்றியிருந்தவர்களின் கம்பீர முழக்கத்துக்கு நடுவே அவர் குரலில் ஒரு வேகமும் துடிப்பும் இருக்கிறது, சட்டென்று உரையாடலுக்குத் தாவுகிறார். தகராறின் இரண்டு பக்கமும் ஒரே தொண்டையில் கேட்கிறது. அவருடைய அக்கா கேட் டெர்ரியின் பேரன்தான் நடிகர் ஜான் கீல்குட். அவரிடம் பிறகு வருவோம்.

மைக்கும் வானொலியும் வந்ததும் கணக்கு தலைகீழானது. கிசுகிசுத்தாலும் பதியும். பிபிசி 1923 பிப்ரவரியில் ஷேக்ஸ்பியர் காட்சிகளையும், அதே ஆண்டு மே மாதத்தில் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தையும் ஒலிபரப்பியது. அமெரிக்காவில் 1937 ஏப்ரலில் சிபிஎஸ் வானொலி, ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் வானொலிக்கென்றே எழுதிய 'தி ஃபால் ஆஃப் தி சிட்டி' என்ற செய்யுள் நாடகத்தை அரங்கேற்றியது. அறிவிப்பாளராக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ், அப்போது அவருக்கு வயது 21. அடுத்த ஆண்டே வெல்ஸ் தன் மெர்க்குரி நாடகக் குழுவை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தட்டுகளில் பதிந்து, பள்ளிகளுக்கான பாட நூலோடு சேர்த்து விற்க ஏற்பாடு செய்தார். இந்தத் தொழிலில் பள்ளிக்கூடம்தான் நிரந்தர வாடிக்கையாளர் என்பதை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் அவர் ஒருவர்.

1943 அக்டோபரில் நியூயார்க்கில் பால் ரோப்சன் ஒதெல்லோவாக மேடையேறினார். 296 காட்சிகள். பிராட்வேயில் எந்த ஷேக்ஸ்பியர் நாடகமும் அதற்கு முன் அவ்வளவு ஓடியதில்லை. 1944இல் கொலம்பியா நிறுவனம் அதே நடிகர்களை வைத்து நாடகத்தைப் பதிவு செய்தது. மடிப்புப் பெட்டியில் அடுக்கடுக்காகத் தட்டுகள். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். டெஸ்டிமோனாவின் கழுத்தை நெரிக்கும் காட்சியிலும் அதே சட்டம்தான். இருந்தும் அந்தப் பதிவு கேட்கத் தகுந்தது. ரோப்சனின் அடித்தொண்டைக் குரல் ஆங்கில நடிகர்கள் யாரிடமும் இல்லாதது. ஷேக்ஸ்பியர் வரிகளை ஓர் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பேசும்போது அந்த வரிகள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

1948 ஜூனில் கொலம்பியா எல்.பி. தட்டை வெளியிட்டதும்தான் உண்மையான கதவு திறந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். ஒரு நாடகத்தை மூன்று நான்கு தட்டில் அடக்கிவிடலாம்.

நான்கு ஆண்டு கழித்து நியூயார்க்கில் பார்பரா கோஹன், மேரியன் ரோனி என்ற 22 வயதுத் தோழிகள் இருவர், ஊருக்கு வந்திருந்த வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸின் வாசிப்பைக் கேட்டார்கள். அவர் குரலை விற்றால் என்ன என்று தோன்றியது. 500 டாலர் முன்பணம், அதற்கு மேல் ராயல்டி என்று பேசி முடித்தார்கள். ஒத்துக்கொண்ட முதல் நாளில் கவிஞர் வரவில்லை. 1952 பிப்ரவரி 22இல் ஸ்டைன்வே ஹாலுக்கு வந்து 'ஃபெர்ன் ஹில்', 'டு நாட் கோ ஜென்டில்' உள்ளிட்ட ஐந்து கவிதைகளை வாசித்தார். ஒரு பக்கம்தான் நிரம்பியது. மறுபக்கத்துக்கு என்ன செய்வது? பத்திரிகையில் வந்த கிறிஸ்துமஸ் கதை ஒன்று இருக்கிறது என்றார் தாமஸ். அப்படி இடத்தை நிரப்ப வந்த 'எ சைல்ட்ஸ் கிறிஸ்மஸ் இன் வேல்ஸ்' தான் தட்டை லட்சக்கணக்கில் விற்க வைத்தது. கவிதை ஒலிப்பதிவு ஒரு வியாபாரமாக நிற்க முடியும் என்று நிரூபித்த தட்டு அது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பின்னால் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞன் கேட்மன். மாடு மேய்த்தவன் என்பது கதை. அவன் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள். 1960 முதல் ஹோவர்ட் சாக்லர் இயக்கத்தில் கேட்மன் நிறுவனம் ஷேக்ஸ்பியர் நாடகங்களை வரிசையாக வெளியிட்டது. ஹேம்லெட்டாகவும் லியராகவும் பால் ஸ்கோஃபீல்ட், மெக்பெத்தாக ஆண்டனி குவேல், ரோமியோவாக ஆல்பர்ட் ஃபின்னி. அட்டையைப் பார்த்தே வாங்கத் தோன்றும் நட்சத்திரப் பட்டியல்.

அட்லாண்டிக்குக்கு அந்தப்பக்கம் நடந்தது வேறு மாதிரி. லண்டனில் ஹார்லி அசில் என்பவர் 1951இல் தொடங்கிய ஆர்கோ நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில் ஆதரவோடு 1957இல் ஷேக்ஸ்பியர் எழுதிய அத்தனையையும் ஒரு வரி வெட்டாமல் பதிவு செய்ய இறங்கியது. 1964இல், கவிஞரின் 400ஆவது பிறந்தாண்டில், வேலை முடிந்தது. இயக்குநர் ஜார்ஜ் ரைலண்ட்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆசிரியர். நடித்தவர்கள் பல்கலைக்கழகத்தின் மார்லோ சொசைட்டி மாணவர்களும் தொழில்முறை நடிகர்களும். அப்போது மாணவர்களாக இருந்த இயன் மெக்கெல்லன், டெரெக் ஜேக்கபி போன்றவர்கள் இந்தக் கூடாரத்திலிருந்து வெளியே வந்தவர்கள்தான்.

ஆங்கிலச் செய்யுளின் 'சரியான' ஒலி என்று உலகம் முழுக்க வகுப்பறைகளில் பதிந்தது பெரும்பாலும் இந்த ஆர்கோ ஒலிதான் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் நடிப்பின் உயர்வு அல்ல. பிரிட்டிஷ் கவுன்சில் எங்கெல்லாம் நூலகம் வைத்திருந்ததோ அங்கெல்லாம் தட்டு போக வழி இருந்தது. கேட்டால் உடனே தெரியும் குணங்கள்: தெளிவு, வேகம், வரியின் தாளத்தைக் காட்டியும் காட்டாமலும் ஓட்டுகிற லாவகம், எதையும் மிகையாக உணர்ந்துவிடாத ஒரு கனவான்தனம். விக்டோரிய முழக்கத்துக்கு எதிராக ரைலண்ட்ஸ் எடுத்த நிலை அது; எதிர்வினை என்ற அளவில் நியாயமும்கூட. ஆனால் அரசனும் கல்லறை தோண்டுபவனும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் போல ஒலிப்பார்கள். கீழ்த்தட்டுப் பாத்திரங்களுக்கு ஒரு பொத்தாம்பொதுவான கிராமத்து உச்சரிப்பு ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ரைலண்ட்ஸிடம் பயின்ற பீட்டர் ஹால்தான் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கினார். வரி முடியும் இடத்தை மதித்தே ஆகவேண்டும் என்பதில் ஹால் கடைசிவரை பிடிவாதம். ஆக, கேம்பிரிட்ஜில் ஒரு ஆசிரியரின் காது, தட்டு வழியாகவும் மேடை வழியாகவும் அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது.

அந்த உச்சரிப்பு ஷேக்ஸ்பியர் காலத்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இன்று 'ஆர்.பி.' என்று அழைக்கப்படும் மேட்டுக்குடி ஆங்கிலம் 19ஆம் நூற்றாண்டுத் தனியார் பள்ளிகளில் கெட்டிப்பட்டு, பிபிசி வழியாகப் பரவியது. ஷேக்ஸ்பியர் இறந்தது 1616இல். மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல், பழைய எதுகை, சிலேடை, எழுத்துக்கூட்டல், அக்கால இலக்கணக்காரர்களின் குறிப்பு ஆகியவற்றை வைத்து அன்றைய உச்சரிப்பை மீட்டெடுக்க, 2004இல் லண்டன் குளோப் அரங்கம் 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டை அந்த ஒலியில் மேடையேற்றியது. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் ஒரு குறுந்தட்டும் வெளியிட்டது. கேட்டுப் பாருங்கள். 'r' எல்லா இடத்திலும் உருள்கிறது. அயர்லாந்தா, இங்கிலாந்தின் மேற்குக் கிராமமா, அமெரிக்காவா என்று காது தடுமாறும். 116ஆவது சானெட்டின் கடைசியில் இன்றைய உச்சரிப்பில் ஒட்டாமல் நிற்கும் 'ப்ரூவ்ட்', 'லவ்ட்' இரண்டும் அதில் எதுகையாகப் பொருந்திக்கொள்கின்றன. அது துல்லியமாக அன்றைய ஒலிதான் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கீல்குட் போலப் பேசினால்தான் ஷேக்ஸ்பியர் என்ற எண்ணத்தை அது கலைத்துவிடுகிறது.

கீல்குட்டைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1935இல் லண்டனில் அவரும் லாரன்ஸ் ஒலிவியேவும் ரோமியோ, மெர்க்யூஷியோ வேடங்களை மாற்றி மாற்றி நடித்தார்கள். கீல்குட் செய்யுளைப் பாடுகிறார் என்பது ஒரு தரப்பு. ஒலிவியே செய்யுளைப் பேச்சாக உடைத்துக் கெடுக்கிறார் என்பது மறுதரப்பு. யேட்ஸும் மாரிஸும் கிளப்பிய அதே பிராது, மேடையில். கீல்குட்டின் ஒலிப்பதிவுகள் அந்தக் காலம் முழுக்க நீள்கின்றன. 1992இல் கென்னத் பிரானா ஹேம்லெட்டாக நடித்த பிபிசி வானொலிப் பதிவில் அவர் தந்தையின் ஆவியாக வருகிறார். 1994இல் 90ஆவது பிறந்தநாளையொட்டி லியராக. ஆவியாக அவர் பேசும்போது, சுற்றியுள்ள இளைய நடிகர்கள் எல்லாம் பேச்சுமொழி இயல்பில் இருக்க, அவர் குரலில் மட்டும் பழைய இசை ஒலிக்கிறது. அந்தப் பொருத்தம் திட்டமிட்டதோ இல்லையோ, செத்துப்போன தலைமுறையிலிருந்து வந்த குரல் அப்படித்தானே இருக்க வேண்டும்.

சரி, மேடைக்காக எழுதியதைக் காதால் கேட்டால் என்ன மிஞ்சும்? நிறையவே. ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கில் பட்டப்பகலில் நாடகம் நடந்தது. இரவு, நிலவு, காடு எல்லாவற்றையும் வசனத்தில்தான் காட்டியாக வேண்டும். நாளைக்கு ஒரு நாடகம் கேட்போம் என்றுதான் ஹேம்லெட் சொல்கிறான், பார்ப்போம் என்றல்ல. அந்த நாடகமே இருட்டில் "யார் அங்கே?" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. கேட்பவரும் காவலர்களைப் போலவே ஒன்றும் தெரியாமல் நிற்கிறார்.

இதற்கெல்லாம் சிகரம் 'கிங் லியர்' நான்காம் அங்கம், ஆறாம் காட்சி. கண் பிடுங்கப்பட்ட க்ளாஸ்டர், டோவர் மலை உச்சியிலிருந்து குதித்துச் சாக விரும்புகிறார். வேறு வேடத்தில் இருக்கும் மகன் எட்கர் அவரை அழைத்துப் போகிறான். மலைக்கு அல்ல, சமதரைக்கு. செங்குத்தாக ஏறுகிறோம் என்கிறான். தரை சமமாகத்தானே இருக்கிறது என்கிறார் கிழவர். கடல் சத்தம் கேட்கிறதா என்கிறான். இல்லையே என்கிறார். கண் போனதில் மற்றப் புலன்களும் மழுங்கிவிட்டன என்று சமாளிக்கிறான். அப்புறம் கீழே தெரியும் பள்ளத்தை வர்ணிக்கிறான் பாருங்கள்: நடுவானில் பறக்கும் காகங்கள் வண்டு அளவுக்குத் தெரிகின்றன, கரையில் நடக்கும் மீனவர்கள் எலிகள் போல இருக்கிறார்கள், அலையின் முணுமுணுப்பு இவ்வளவு உயரத்துக்குக் கேட்கவில்லை.

மேடையில் பார்ப்பவருக்கு ஏமாற்று கண்ணுக்குத் தெரியும். இருவரும் தட்டையான பலகையில் நிற்கிறார்கள். ஒலிப்பதிவில் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. க்ளாஸ்டரின் நிலைதான் அவருக்கும். கண் இல்லை, எட்கரின் சொல் மட்டும் இருக்கிறது. இப்போது ஒலிப்பதிவு இயக்குநர் என்ன செய்வார்? காற்றும் கடலும் சேர்த்தால் எட்கரின் பொய்க்குத் துணை போகிறார். கேட்கவில்லையே என்று சொல்லும் கிழவரின் உண்மையைப் பொய்யாக்குகிறார். ஒன்றும் சேர்க்காவிட்டால் சூழ்ச்சி முன்கூட்டியே அம்பலமாகலாம். சும்மா புல்லில் நடக்கும் காலடி மட்டும் வைத்தால்? எந்த மேடைத் தயாரிப்பும் எதிர்கொள்ளாத சிக்கல் இது. அதனாலேயே ஒரு லியர் பதிவை எடைபோட நான் முதலில் தேடிப் போவது புயல் காட்சியை அல்ல, இந்தக் காட்சியை.

காதுக்கு ஒத்துவராத இடங்களும் உண்டு. பேசாமல் நிற்கும் பாத்திரம் ஒலியில் இல்லாமலே போய்விடும். நாக்கு அறுக்கப்பட்டு மேடை முழுக்க மௌனமாக நிற்கும் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' லவீனியாவை ஒலிப்பதிவில் எப்படிக் காட்டுவது? மூச்சு, முனகல் என்று சமாளிக்கிறார்கள். முழுசாகத் தேறுவதில்லை. 'ஹேம்லெட்'டில் வரும் ஊமைக்கூத்துக்கும் இதே கதி.

மாறாக, மேடையே ஏறாத செய்யுள் நாடகங்களுக்கு ஒலிப்பதிவுதான் அரங்கம். மில்டன் 'சாம்சன் அகோனிஸ்டிஸ்' மேடைக்கு எழுதப்பட்டதல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். கண் இழந்த கவிஞர் எழுதிய, கண் இழந்த வீரனின் நாடகம். பைரனின் 'மேன்ஃப்ரெட்', ஷெல்லியின் 'ப்ரொமீதியஸ் அன்பவுண்ட்' இரண்டும் வாசிப்பறை நாடகங்கள். ஆவிகளும் மலைகளும் பேசுவதை மேடையில் காட்டப் போனால் கேலிக்கூத்தாகும், காதில் ஆகாது. 1946இல் தொடங்கிய பிபிசி தேர்ட் புரோகிராம் வானொலி இந்த வகைக்குப் பெரிய உபகாரம் செய்தது. அடுத்த ஆண்டு 'பாரடைஸ் லாஸ்ட்' ஒலிபரப்பில் சாத்தானாக வந்தவர் நாம் மேலே பார்த்த டிலன் தாமஸ். அவருடைய 'அண்டர் மில்க் வுட்' குரல்களுக்கென்றே எழுதப்பட்டது. 1953 மேயில் நியூயார்க் மேடையில் அவரே பங்கேற்ற வாசிப்பு, மேடைத் தரையில் வைத்த ஒற்றை மைக்கில் பதிவானது. நவம்பரில் அவர் இறந்தார். 1954 ஜனவரியில் ரிச்சர்ட் பர்ட்டன் குரலில் பிபிசி ஒலிபரப்பியது.

கவிஞரே வாசிப்பதுதான் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் டி. எஸ். எலியட்டைக் கேட்டுவிட்டுப் பேசலாம். மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் பிறந்த மனிதர், ஆங்கிலப் பாதிரியார் போல ஒலிக்கிறார். 1947இல் பதிந்த 'ஃபோர் குவார்டெட்ஸ்' வறண்ட, தட்டையான, வேண்டுமென்றே உணர்ச்சி துடைத்த வாசிப்பு. எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதே கவிதையை அலெக் கின்னஸ் வாசிப்பதில் அர்த்தம் இன்னும் சுலபமாகப் பிடிபடுகிறது.

இன்றைய நிலவரத்துக்கு வந்தால், முழுத் தொகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு 1998 முதல் வெளிவந்த ஆர்க்கேஞ்சல் வரிசை இருக்கிறது. 38 நாடகங்கள், சுமார் 400 நடிகர்கள், இயக்கம் க்ளைவ் ப்ரில். ஹேம்லெட்டாக சைமன் ரஸல் பீல். உச்சரிப்பில் ஆர்கோ காலத்துக் கெடுபிடி தளர்ந்திருக்கிறது. பல வட்டாரக் குரல்கள் அரசவைக்குள்ளும் வந்துவிட்டன. இலவசமாக வேண்டும் என்பவர்களுக்கு 2005இல் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஹ்யூ மெக்வயர் தொடங்கிய லிப்ரிவாக்ஸ். தன்னார்வலர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை அவரவர் வீட்டில் பதிந்து அனுப்ப, ஒருவர் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறார். ரோமியோ ஒரு கண்டத்தில், ஜூலியட் இன்னொன்றில். குரலுக்குக் குரல் அறையின் எதிரொலி மாறும். தரம் ஒரே சீராக இருக்காது. ஆனால் ஒரே சிறு கவிதையைப் பத்துப் பதினைந்து பேர் தனித்தனியாக வாசித்துப் போடும் வாரக் கவிதை வரிசை ஒன்று அங்கே இருக்கிறது. வரி முடிவில் யார் நிற்கிறார்கள், யார் தாண்டிப் போகிறார்கள் என்று கேட்டுப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

காப்புரிமையில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்வது நல்லது. ஷேக்ஸ்பியர் எழுத்து யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைப் பேசிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. பிரிட்டனில் முன்பு 50; 2013இல் 70ஆக நீட்டினார்கள், ஆனால் 1963க்கு முன் வெளியானவற்றுக்கு அது பொருந்தவில்லை. அமெரிக்காவில் 1923க்கு முந்திய பதிவுகள் எல்லாம் 2022 ஜனவரி 1இல்தான் ஒட்டுமொத்தமாகப் பொதுவுடைமை ஆயின. 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரை வந்தவை 2067 வரை பூட்டியே இருக்கும். எலன் டெர்ரியை இணையத்தில் யாரும் தாராளமாக ஏற்றலாம். அதே ஆர்கோ தட்டு லண்டனில் சுதந்திரமாகவும் நியூயார்க்கில் உரிமைக்குட்பட்டும் இருக்கக்கூடும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் முழு நாடகத்தில் இறங்க வேண்டாம். கையில் அச்சிட்ட பிரதியோடு லியரின் டோவர் காட்சியை எடுத்துக்கொண்டு, 1965இன் ஸ்கோஃபீல்ட் பதிவிலும் ஆர்க்கேஞ்சல் பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பத்துப் பத்து நிமிடம்தான் ஆகும். இரண்டாவது முறை பிரதியை மூடிவிடுங்கள்.